பாட்டு யாருடைய உடைமை?

மலையகத் தோட்டங்களில் பிறந்த பாட்டுகளைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்து அச்சேற்றினார். சொற்கள் பிழைத்தன. மெட்டோ அச்சுக்குள் அடங்குவதன்று. ஒப்பாரியின் இழுவையையும், காமன் கூத்தில் தப்பின் நடை மாறுவதையும் ஒலிப்பதிவும் இசைக்குறிப்பும் சேர்ந்தே காக்க வல்லன.

ஆதலின், மொனராகலை இறப்பர்த் தோட்டங்களிலோ பதுளைத் தேயிலைத் தோட்டங்களிலோ இவற்றைப் பதிவு செய்யும் ஆர்வலர் ஒருவர், தம் சொந்த இணையத்தளத்தில் யாவரும் எடுத்துக்கொள்ள வைப்பாராயின், அதனைத் திருட்டென்பது எவ்வாறு பொருந்தும்? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைக் கட்டணமின்றித் திறந்து வைத்தது. நூலுக்கு நன்மையானது பாட்டுக்குத் தீமையாகுமோ?

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவோர் அதனை முழுதும் படித்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம், நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ பயன்படுத்த அனுமதி வேண்டும் என்கிறது. அவ்வனுமதியை வழங்கும் உரிமை அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்துக்கு உரியது; பாடிய கிழவிக்கு உரியதன்று. காவல் என்னும் பெயரில் உடைமை கைமாறுவதே இது!

ஆயினும், இலவசம் என்பதனாலேயே பகிர்வு நேர்மையாகிவிடாது. பாடியவரின் இசைவின்றி, பெயரும் தோட்டமும் குறியாது, ‘நாட்டார் பாடல்’ என்று பொதுப்பெயர் சூட்டி வெளியிடுவோரும் அதே தவற்றையே புரிகின்றனர். இசைவு பெறுக, பெயரைப் பொறிக்க, படி ஒன்றை அத்தோட்டத்துக்கே அளிக்க, அதன்பின் தடையின்றிப் பகிர்க. பூட்டிய பெட்டியில் ஒலிநாடா பூஞ்சணம் பூக்கும். பரவிய பாட்டே வாழும்.