ஆயில் கூலர் இல்லாத பழைய டர்போ காரை ஓட்டலாமா?

வழக்கமா சுகர், பிரஷர், ஃபேட்டி லிவர்னு எழுதுற ஆள் இன்னைக்கு கார் பத்தி எழுதப் போறேன். நீளமான த்ரெட். பழைய கார் கிறுக்கு உள்ளவங்க மட்டும் வாங்க, மத்தவங்க நாளைக்கு வாங்க, சுகர் பத்திப் பேசுவோம்.

"ஆயில் கூலர் ரேஸ் ஓட்டுறவனுக்குத்தான் வேணும், ரோட்டுல ஓட்டுறதுக்கு அது இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது." பழைய டர்போ கார் வாங்குறவங்க காதுல இந்த வசனம் கண்டிப்பா விழுந்திருக்கும். எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்லை. கம்பெனியே கூலர் வச்சு அனுப்பின டர்போ கார் அது இல்லாம உங்க கைக்கு வந்தா, திரும்ப மாட்டுற வரைக்கும் அது ஷெட்டுலதான் நிக்கணும். பெயின்ட், வீல், சீட் கவர் எல்லாம் அப்புறம்.

இப்ப இதை எழுதக் காரணம், இங்கே மெல்பர்ன்ல என்கூட வேலை பார்க்கிற ஒரு தம்பி. மயக்க மருந்து டாக்டர். 1989 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ ஒண்ணு வாங்கியிருக்கார். பம்பருக்குப் பின்னாடி, ரேடியேட்டருக்குக் கீழே கூலர் இருக்க வேண்டிய இடம் காலி. போற ஹோஸையும் வர்ற ஹோஸையும் ஒண்ணா இணைச்சு வளையமா விட்டிருக்காங்க. விற்றவர் சொன்ன காரணம், "மெல்பர்ன் குளிருக்கு இது தேவையில்லை." ஜனவரில இந்த ஊர்ல வெயில் 40 டிகிரியைத் தாண்டுற நாள் உண்டுங்கிறது அந்த மனுஷனுக்குத் தெரியாதா என்ன! தம்பி கேட்டது, "அண்ணா, இது உண்மையிலேயே அவசரமா? அடுத்த மாசம் ட்ராக் டே இருக்கு."

அவசரம்தான். ஏன்னு சொல்றேன்.

ஆர்எக்ஸ்-7 சாதாரண இன்ஜின் கிடையாது. பிஸ்டன் இல்லை, ரோட்டரி. 654 சிசி வீதம் ரெண்டு அறை, மொத்தம் 1308 சிசி. உள்ள முக்கோண வடிவத்துல ரெண்டு ரோட்டர் சுத்துது. வெளிக்கூட்டைத் தண்ணி குளிர்விக்கும். ஆனா ரோட்டருக்குள்ள தண்ணி போக வழியே இல்லை. நடுவுல போற ஷாஃப்ட்ல இருந்து ஆயிலை ரோட்டரோட வயித்துக்குள்ள பீச்சி அடிச்சுத்தான் அதைக் குளிர்விக்கணும். அதாவது இந்த இன்ஜின்ல ஆயில் வழவழப்புக்கு மட்டும் இல்லை, பாதி ரேடியேட்டர் வேலையையும் அதுதான் பார்க்குது. அந்த ஆயில் எடுத்துட்டு வர்ற சூட்டை வெளிய கொட்டுற இடம்தான் கூலர். அதைக் கழட்டிட்டா சூடு எங்க போகும்? திரும்ப இன்ஜினுக்குள்ளயேதான்.

இதுக்கு மேல டர்போ வேற. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல போற ஷாஃப்ட், ஒரு மெல்லிய ஆயில் படலத்து மேல மிதந்துகிட்டு இருக்கு. பக்கத்துலயே செக்கச் செவேல்னு எக்ஸாஸ்ட். இந்தக் காரோட டர்போவுக்குத் தண்ணிக் குளிர்ச்சியும் இருக்கு, சரி. ஆனாலும் பேரிங்கைத் தாங்குறது ஆயில்தான்.

ஆயிலுக்கு என்ன ஆகும்? 40 கிரேடு ஆயிலோட பிசுபிசுப்பு 100 டிகிரில 12.5 முதல் 16.3 வரை இருக்கணும்னு தரநிர்ணயம். அலகு சென்டிஸ்டோக்ஸ், அதை விடுங்க. அதே ஆயிலை 150 டிகிரிக்குக் கொண்டு போனா அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கிடும். படலம் மெலிஞ்சா உலோகமும் உலோகமும் உரசும். போதாததுக்கு, சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெட்டுப்போற வேகம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும்னு ஒரு பொதுக்கணக்கு இருக்கு. வேதியியல் படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்.

இன்னொண்ணு. ரோட்டரோட ரெண்டு பக்கத்துலயும் ஆயில் கண்ட்ரோல் ரிங் இருக்கு, அதுக்குள்ள ரப்பர் ஓ-ரிங். அளவுக்கு மீறின சூட்டுல அந்த ரப்பர் இறுகி அப்பளம் மாதிரி ஆயிடும். அப்புறம் காலையில ஸ்டார்ட் பண்ணினா நீலப்புகை. இருபது கிராம்கூட இல்லாத ரப்பர்தான், ஆனா அதை மாத்த இன்ஜினை வெளியே எடுத்து முழுசாப் பிரிக்கணும். கூலரோட விலையையும் இன்ஜின் பிரிச்சுக் கோர்க்கிற செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க.

"நான் ஆறு மாசமா ஓட்டுறேன் டாக்டர், டெம்பரேச்சர் முள் நடுவுலயேதான் நிக்குது" என்பவர்களுக்கு: அந்த முள் காட்டுறது தண்ணியோட சூடு. ஆயிலோட சூடு இல்லை. நெத்தியைத் தொட்டுப் பார்த்து காய்ச்சல் இல்லைன்னு சொல்ற மாதிரிதான் இது. இந்தக் காரோட டேஷ்போர்டுல ஆயில் பிரஷர் கேஜ் இருக்கு, ஆயில் டெம்பரேச்சர் கேஜ் கிடையாது. தண்ணி 90ல சாதுவா இருக்கும்போதே ஆயில் 130ஐத் தாண்டிப் போயிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு "எனக்கு நல்லாத்தான் இருக்கு"ன்னு வர்றவங்களை நாங்க தினமும் பார்க்கிறோம். அவங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு, ஒருநாள் வாய் கோணிக்கிட்டு வர்ற வரைக்கும்.

அதனால கூலருக்கு முன்னாடியே ஒரு ஆயில் டெம்பரேச்சர் கேஜ் வாங்குங்க. சென்சாரை ஃபில்டர் பக்கத்துல இல்லைன்னா சம்ப்ல போடலாம்.

அடுத்தது, யாருமே செய்யாத வேலை: ஹிஸ்டரி எடுக்கிறது. கூலர் ஏன் காணாமப் போச்சு? இன்டர்கூலரை முன்னாடி கொண்டு வர இடம் பத்தலன்னு கழட்டினாங்களா? முன்பக்கம் இடிபட்டு நசுங்கினதா? ஒழுகுச்சுன்னு தூக்கிப் போட்டாங்களா? அல்லது பழைய இன்ஜின் பேரிங் போய், உலோகத் தூள் கூலருக்குள்ள நிறைஞ்சு, "இனி இது வேண்டாம்"னு எடுத்தாங்களா? கடைசிக் காரணம்னா கதையே வேற. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சு மடிப்புகளுக்குள்ள மினுமினுப்பு இருக்கான்னு பாருங்க. கொஞ்சம் ஆயிலைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினா எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்குன்னு ரிப்போர்ட் வரும். நம்ம ப்ளட் டெஸ்ட் மாதிரிதான். ஏற்கெனவே பேரிங் தேய்ஞ்ச இன்ஜினுக்குப் புதுக் கூலர் மாட்டி ஒரு புண்ணியமும் இல்லை.

சரி, எந்தக் கூலர்? ரோட்டுக் காருக்கு ஒரிஜினல்தான் என் முதல் தேர்வு. இதுல எனக்கும் மெல்பர்ன்ல இருக்கிற ரோட்டரி பிரியர்கள் சிலருக்கும் ஒத்துப்போகாது. அவங்க நேரா பெரிய செட்ராப், மோக்கல் கூலருக்குப் போவாங்க. நல்ல பொருள்தான், மறுக்கலை. ஆனா மஸ்டாவோட ஒரிஜினல் கூலர்லயே தெர்மோஸ்டாட் உள்ளயே இருக்கு, பிராக்கெட் அளவா உட்காரும், காத்து வர்ற வழியும் அதுக்குன்னே செஞ்சது. இது மூணையும் நாமளே யோசிச்சுச் செய்யணும்னா சனி ஞாயிறு பல கரையும்.

ஒரு விஷயம், ஆர்எக்ஸ்-7னு போட்டதை எல்லாம் வாங்கிடாதீங்க. முதல் தலைமுறைல 1983 முதல் 1985 வரை வந்த 12ஏ இன்ஜின் கார்கள்ல காத்துல குளிர்ற கூலருக்குப் பதிலா தண்ணியில குளிர்ற ஒரு குட்டி டப்பா இருக்கும். தேன்கூடுன்னு பட்டப்பேர். டர்போ இல்லாத அந்த இன்ஜின்லயே அதைக் கழட்டிட்டு பழைய காத்துக் கூலருக்கு மாறுறவங்க நிறையப் பேர். டர்போவுக்கு அது எந்த மூலைக்கு?

பழைய கூலர் வாங்கினா, அது எந்த இன்ஜின்ல இருந்து வந்ததுன்னு கேளுங்க. வெடிச்ச இன்ஜின்னா வேண்டவே வேண்டாம். உள்ள இருக்கிற மெல்லிய தடுப்புகளுக்கு நடுவுல சிக்கின தூளை எத்தனை தடவை கழுவினாலும் முழுசா எடுத்துட்டோம்னு சத்தியம் பண்ண முடியாது. "ஃபில்டர் பிடிச்சுடுமே"ன்னு சொல்வீங்க. குளிர்ல ஆயில் கெட்டியா இருக்கும்போது ஃபில்டரோட பைபாஸ் வால்வு திறந்துக்கும், வடிகட்டாத ஆயில் நேரா பேரிங்குக்குப் போகும். ஒருத்தர் மேல போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுவோமா?

வெளிக்கடைக் கூலர்தான்னு முடிவு பண்ணினா, தெர்மோஸ்டாட் கண்டிப்பா வேணும். சுமார் 80 டிகிரிக்கு மேல திறக்கிற மாதிரி. தெர்மோஸ்டாட் இல்லாத பெரிய கூலர் எதிர்த்திசைல கெடுதல் பண்ணும். ஆயில் சூடே ஏறாது. அதுல கலக்கிற பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாம அப்படியே தங்கும். காலையில ஆஸ்பத்திரிக்கு பத்து நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்துற கார்னா இன்னும் மோசம். சூடும் நோய், குளிரும் நோய்.

காத்து வழி பத்தி ஆன்லைன்ல யாரும் படம் போட மாட்டாங்க, ஏன்னா பார்க்க அழகா இருக்காது. ஆனா பாதிக் கூலர்கள் வேலை செய்யாததுக்கு அதுதான் காரணம். காத்துக்கு சோம்பேறித்தனம் ஜாஸ்தி. சுத்திப் போக வழி இருந்தா கூலருக்குள்ள நுழையவே நுழையாது. அதனால சுத்தியும் இருக்கிற இடைவெளியை அலுமினியத் தகடோ ஃபோமோ வச்சு அடைங்க. பின்னாடி காத்து வெளியேறவும் வழி விடுங்க. இந்தக் கார்ல அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு வரும். பழைய கார்கள்ல அது உடைஞ்சு போய், யாரும் திரும்ப மாட்டியிருக்க மாட்டாங்க. ரேடியேட்டருக்கும் கூலருக்கும் காத்தைத் திருப்பி விடுறதே அதுதான். அதையும் சேர்த்தே தேடுங்க.

ஹோஸ் விஷயத்துல மட்டும் சிக்கனம் வேண்டாம். அழுத்தத்துல இருக்கிற சூடான ஆயில், டர்போ பக்கத்துல பீறிட்டா தீ. ஸ்டீல் பின்னல் ஹோஸ் பார்க்கப் பளபளன்னு இருக்கும். ஆனா அது எதையாவது உரசினா ரம்பம் மாதிரி அறுக்கும், அலுமினியத்தைக்கூட. உரசுற இடத்துல எல்லாம் ரப்பர் கிளிப் போடுங்க. கூலரையும் பாடியோட நேரா முறுக்காம ரப்பர் புஷ் வச்சு மாட்டுங்க. இல்லைன்னா அதிர்வுல வெல்டு கீறும். வாய் கீழ்நோக்கி இருந்தா மேல காத்து தங்கிடும். மேலேயோ பக்கவாட்டுலயோ இருக்கட்டும்.

தம்பியோட ட்ராக் டே என்னாச்சுன்னு கேட்பீங்க. தள்ளிப் போட்டாச்சு. பூஸ்ட் ஏறாம மெதுவா பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டலாமான்னு கேட்டார். ஓட்டினா இன்ஜின் செத்துடாது, அது நேர்மையான பதில். ஆனா அந்த வளையம் போட்ட ஹோஸோட வயசு தெரியாது, கிளாம்பும் தண்ணிக் குழாய்க்குப் போடுற கிளாம்பு. டோ வண்டிக்குச் சொல்லுங்கன்னுட்டேன்.

மாட்டி முடிச்ச உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கூலரும் ஹோஸும் காலியா இருக்கும், முதல்ல அது நிறையணும். அந்த நேரம் முழுக்க பேரிங் வறண்டு கிடக்கும். முடிஞ்சா கூலருக்குள்ள முன்னாடியே ஆயில் ஊத்திட்டு மாட்டுங்க. பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிச்சுட்டு, பிரஷர் முள் எழுந்திரிக்கிற வரைக்கும் செல்ஃப் மட்டும் அடிங்க, பத்துப் பத்து செகண்டா, நடுவுல ஸ்டார்டருக்கு ஓய்வு விட்டு. அப்புறம் ஸ்டார்ட். தெர்மோஸ்டாட் திறந்து ஆயில் கூலருக்குள்ள போன பிறகு அளவு குறையும். அதனால ஒரு தடவை சூடேறி ஆறினதும் டிப்ஸ்டிக்கை மறுபடி பாருங்க. எல்லா இணைப்புலயும் ஒரு வெள்ளைத் துணி வச்சுத் துடைச்சுப் பாருங்க, ஒழுகல் அதுல உடனே தெரியும். முதல் 500 கிலோமீட்டர்ல ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திட்டு, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்த்துட்டு எனக்கு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன்.