பெயரைப் படித்து ஊரைக் காண்க!

கிழமை இறுதி வந்துவிட்டால் புதுவைக் கடற்கரைச் சாலையில் கால்வைக்க இடமிராது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மகிழுந்துகளிலும் பேருந்துகளிலும் வந்து இறங்குகின்றனர். மஞ்சட் சுவர்களின்முன் நின்று ஒளிப்படம் எடுக்கின்றனர். மணக்குளப் பிள்ளையாரைக் கும்பிடுகின்றனர். அரவிந்தர் மனையில் சற்றே அமர்கின்றனர். ஆரோவில்லின் பொன்னிற உருண்டை மாடத்தைத் தொலைவில் நின்று காண்கின்றனர். வீடு திரும்பியதும், "ஒரு பிரெஞ்சு நகரைக் கண்டு வந்தோம்" என்று அக்கம்பக்கத்தார்க்குச் சொல்கின்றனர்.

வந்தவரைக் குறைகூறிப் பயனில்லை. வீட்டுக்காரன் காட்டுகின்றவாறுதான் விருந்தினன் வீட்டைக் காண்பான். புதுவைத் தமிழர் தம் ஊரை எந்தப் பெயர் சொல்லிக் காட்டுகின்றனர் என்பதே இங்கு எழும் வினா.

கடலை ஒட்டிய பகுதிக்கு விடுதிக்காரரும் கடைக்காரரும் வழங்கும் பெயர் 'ஒயிட் டவுன்'. தமிழிற் சொன்னால், வெள்ளையர் நகர். பிரெஞ்சியர் ஆட்சியில் ஊரின் ஊடே ஓடிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்தனர். தமிழர் பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் கறுப்பர் நகர். ஊரைப் பிரித்த வாய்க்கால் மட்டுமன்று அது. தோலின் நிறத்தால் மாந்தரைப் பிரித்த கோடுமாகும். 1954-இல் ஆட்சி கைமாறியது. 1962-இல் சட்டப்படியும் உறுதியாயிற்று. 'கறுப்பர் நகர்' என்னும் பெயர் நாணி மறைந்தது. அதன் இணைப்பெயராகிய 'வெள்ளையர் நகர்' மட்டும் இன்று பெருமைப் பெயராக விலைபோகின்றது. ஒற்றைத் தட்டோடு ஒரு துலாக்கோல் உண்டா? இக்கரையை வெள்ளையர் நகர் என்னும் தமிழன், அக்கரையிலிருந்த தன் பாட்டன் வீட்டைக் கறுப்பர் நகர் என்று சொல்லாமற் சொல்கின்றான். அடிமை முத்திரையை அணிகலன் என்று கருதி மார்பில் அணிவது அறியாமையன்றி வேறென்ன?

அந்த 'வெள்ளையர் நகரின்' நெஞ்சில் அமர்ந்திருப்பவரே மணக்குளப் பிள்ளையார். பிரெஞ்சியர் கால்வைக்குமுன்பே அவர் அங்கிருந்தார். கடற்கரை மணலிடையே ஒரு குளம். மணற்குளம் மக்கள் வாயில் மணக்குளம் ஆயிற்று. நிலத்தின் இயல்பையும் நீரின் இருப்பையும் ஒருசொல்லில் அடக்கிய பெயர் அது. குளத்தின் பெயர் தமிழ். கும்பிடுவார் நெஞ்சின் மொழி தமிழ். கருவறையில் முதலிடம் பெறுவதோ வடமொழி! வெளியே பிரெஞ்சு மயக்கம், உள்ளே வடமொழி மயக்கம். இரண்டிற்கும் இடையே தமிழ் வாயிலில் நின்று செருப்புக் காக்கின்றது.

சற்றுத் தள்ளிப் பூங்காவின் நடுவே வெண்ணிறமாய் நிற்பது ஆயி மண்டபம். புதுவை அரசு தன் இலச்சினையாகக் கொண்டிருப்பதும் இதனையே. கிரேக்க உரோமப் பாங்கில் அமைந்தமையால், காண்போர் இதுவும் ஒரு பிரெஞ்சுச் சின்னம் என்றெண்ணி நகர்கின்றனர். கட்டியவர் பிரெஞ்சியரே, பெயரோ ஒரு தமிழ்ப்பெண்ணினுடையது. வழிவழியாக வழங்கும் செய்தி இது: ஆயி என்பாள் ஒரு பொதுமகள். அவ்வழியே சென்ற விசயநகர வேந்தன், விளக்கொளியில் அவள் மாளிகையைக் கோயிலென்று கருதிக் கைகூப்பினான். உண்மை தெரிந்ததும் சினந்து, அதனை இடித்துத் தள்ள ஆணையிட்டான். அவள் மறுக்கவில்லை, தானே இடித்து, அவ்விடத்தில் ஊரார்க்கு ஒரு குளம் வெட்டுவித்தாள்.

நூற்றாண்டுகள் கழிந்தன. கடலோரத்து வெள்ளையர் நல்ல குடிநீரின்றி இடர்ப்பட்டபோது, முத்திரையர்பாளையத்திலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. ஆயியின் வரலாற்றைக் கேட்டறிந்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரால் இம்மண்டபம் எழுந்தது. வெள்ளையர் நகரின் நீர்வேட்கையைத் தீர்த்த கொடைக்கு, இழிந்தவள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு தமிழச்சியின் பெயர் நிற்கின்றது. அயலான் அவள் பெயரைக் கல்லில் நிறுத்தினான். தமிழனோ அவள் மண்டபத்தைத் தாளில் அச்சிட்டுவிட்டு, அவளை மறந்தான்.

கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து ஓங்கி நிற்கும் வேலைப்பாடமைந்த கல்தூண்களையும் பார்க்க. அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சியர் பெயர்த்துக் கொணர்ந்தவை. அவற்றின்மேல் சாய்ந்து அலையை நோக்குவார் பலர். எந்தத் தமிழ்த் தச்சன் உளி பட்ட கல் இது என்று கேட்பார் சிலரேனும் உண்டா?

மிசியோன் வீதியில் உள்ள பெரிய கிறித்தவக் கோயிலை மக்கள் 'சம்பா கோயில்' என்பர். முன்பு அங்கிருந்த கோயில் தூய பவுலின் பெயருடையது. அவ்வயற்பெயரே தமிழர் நாவில் 'சம்பா' என்று உருமாறியது. இன்றுள்ள கட்டடம் 1791-ஆம் ஆண்டினது. அதனருகே முன்பு வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748-இல், ஆங்கிலேயர் முற்றுகைக் காலத்தில், ஆளுநர் தூப்ளேயின் ஆட்சியில் அஃது இடிக்கப்பட்டது. அத்துயரத்தை எழுதிவைத்தவர் ஆளுநரின் அருகிலேயே இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரையிலான அவருடைய நாட்குறிப்பு தமிழில் எழுதப்பட்டது. பிற்காலத்தில் அக்கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. இதனைச் சொல்வது இன்றைய கிறித்தவத் தமிழர்மேல் பகைமூட்டுதற்கன்று. அவர்களும் இம்மண்ணின் மக்களே. நடந்ததை அறிந்து இரண்டு கோயில்களையும் கண்டு வருவதே வரலாற்றறிவு. பிள்ளையின் வீடும் நிற்கின்றது: கீழ்த்தளத்தில் தமிழ்மரபு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாங்கின் தூண்கள். கீழிருந்து தாங்குவது எது என்பதைக் காண்போர் நினைந்து பார்க்கலாம்.

பிரெஞ்சியர் வந்த பின்னரே புதுவை பிறந்தது என்பாரை, தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டிற்கு அழைத்துச் செல்க. 1945-இல் வீலர் என்னும் ஆங்கிலேய அறிஞர் அகழ்ந்தபோது, உரோமச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. அம்மேட்டில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்துள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்செலவுக் குறிப்பொன்று கூறும் 'பொதுகே' என்னும் துறை இதுவே என்பர் அறிஞர். பிரெஞ்சியர் வருகைக்கு 1,600 ஆண்டுகட்கு முன்னரே கடல்கடந்து வாணிகம் செய்த துறை! அங்கே செல்வோர் தொகையையும் மஞ்சட் சுவர்முன் நிற்போர் தொகையையும் ஒப்பிட்டால் தலைகுனிவே மிஞ்சும்.

1908 முதல் 1918 வரை பாரதியாருக்குப் புகலிடம் தந்ததும், பாவேந்தரை ஈன்றதும் இவ்வூரே. ஈசுவரன் தருமராசா கோயில் தெருவிலும் பெருமாள் கோயில் தெருவிலும் அவர்கள் வாழ்ந்த வீடுகள் நினைவில்லங்களாகத் திறந்திருக்கின்றன. மேற்கே திருவாண்டார்கோயிலோ ஞானசம்பந்தர் பாடிய வடுகூர். திருவுலா வருவார்க்கு இவற்றினும் மேலான திருவிடங்கள் எவை?

"பிரெஞ்சு மணம் போனால் பிழைப்பும் போகும்" என்பர் வணிகர். மணத்தைப் போக்கச் சொல்வார் யாருமிலர். நீலத் தெருப்பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் இன்றும் ஒருங்கே நிற்கின்றன; அதனால் எந்த விருந்தினன் ஓடிவிட்டான்? தமிழைத் தள்ளிவைப்பவை தமிழர் நடத்தும் கடைகளின் பெயர்ப்பலகைகளே! 'புதுச்சேரி' என்னும் தூய பெயர் அரசேட்டில் 2006-இல் மீண்டது. பலகைகளிலோ 'பாண்டி' இன்னும் ஆள்கின்றது.

ஆகவே செய்யத்தக்கன இவை. 'வெள்ளையர் நகர்' என்னும் பெயரை வணிகரும் வழிகாட்டிகளும் கைவிடுக. ஒவ்வொரு பலகையிலும் தமிழ் முன்னிற்க. பெயரின் பொருளும் அதன்கீழ் நிற்க. மணக்குளத்தார் முன்னிலையில் தமிழ் வழிபாடு முதலிடம் பெறுக. பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் மாணாக்கரை ஆயி மண்டபத்திலிருந்து அரிக்கமேடுவரை அழைத்துச் சென்று, பெயர்களைப் படிக்கச் செய்க. தமிழன்பர் தம் வீட்டுக்கு வரும் உறவினரை முதலில் பாவேந்தர் இல்லத்திற்கு அழைத்துச் செல்க.

ஊர்ப்பெயர் என்பது முன்னோர் எழுதிவைத்த உரிமையாவணம். அதைப் படிக்கத் தெரியாதவன் தன் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவன். புதுவைத் தமிழன் வீட்டுக்காரனாக நிமிர்ந்து நின்று விருந்தினரை வரவேற்கட்டும்!