நள்ளிரவில் நகர்ந்த நன்றி

பணம் பெரிதா? பற்று பெரிதா?

பட்டிமன்றத் தலைப்பு அல்ல இது. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் மாதக்கணக்கில் மூச்சு விடாமல் நடத்திய வழக்கு. மதுக்கடையிலே வாதம், முடிதிருத்தகத்திலே வாதம், வானொலியைத் திருப்பினால் அங்கும் வாதம். குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டவன் 26 வயது இளைஞன். பெயர் லாமர் ஜாக்சன். அந்நகரின் ரேவன்ஸ் அணிக்கு அவன்தான் குவார்ட்டர்பேக். அமெரிக்கக் கால்பந்திலே பந்தைக் கையில் வாங்கி, எறிவதா ஓடுவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கும் களத் தளபதி.

அவன் செய்த குற்றம் என்ன? "என் உழைப்புக்கு உறுதி கொடுங்கள்" என்றான். அவ்வளவுதான்! "அணிப்பற்று இல்லாதவன்" என்றனர் ஒரு சாரார். "ஆட்டமே அவனால்தானே, அள்ளிக் கொடுத்தால் என்ன?" என்றனர் மறு சாரார். இரு சாராரும் அணியின்பால் அன்பு கொண்டவர்களே. ஆயினும் பற்று என்ற தராசிலே ஒரு தட்டில் ஆட்டக்காரனை ஏற்றினார்களே, மறு தட்டில் முதலாளியை ஏற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்? இதுவே நமது கேள்வி.

முதலில் அந்த இளைஞனின் கதையைக் காண்போம். கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பரிசாகிய ஹைஸ்மன் கோப்பையை 2016 இலேயே வென்றவன் அவன். ஆனால் 2018 இல் அணிகள் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது, நான்கு குவார்ட்டர்பேக்குகள் அவனுக்கு முன்னே போனார்கள். முதற்சுற்றின் கடைசி இடமாகிய 32 ஆவது இடம் அவனுக்கு. எந்த நகரில் ஆடுவது என்று அவனைக் கேட்டவர் இல்லை; எடுத்தவர் எடுத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான்! "இவனுக்குத் தளபதி வேலை வேண்டாம், பந்தைப் பிடிக்கும் ஓட்டக்காரனாக மாறட்டும்" என்று பொருள்பட யோசனை சொன்னார் அணி நிருவாகத்தில் பழம் தின்று கொட்டை போட்ட பில் போலியன்.

இந்த யோசனை புதியதன்று. காலுக்கு வேலை உண்டு, கருத்துக்கு வேலை இல்லை என்பது கறுப்பின ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த பாட்டு. வாரன் மூன் என்ற கறுப்பு வீரன், 1978 இல் குவார்ட்டர்பேக்காக ஏற்க ஆளின்றிக் கனடா சென்று ஆறு ஆண்டுகள் ஆடிப் புகழ் ஈட்டிய பின்னரே தாய்நாட்டு லீக்கின் கதவு திறந்தது. ஜாக்சன் இடம் மாற மறுத்தான். 2019 இலே ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரனாக, வாக்களித்த 50 பேரும் ஒருமனதாய்த் தேர்ந்தெடுத்தனர். "நான் சொன்னது தவறு" என்று போலியன் ஒப்புக்கொண்டதும் அவ்வாண்டே. ஒப்புக்கொண்ட பண்பைப் பாராட்டுவோம். அன்றே ஒதுங்கியிருந்தால் இன்றைய ஜாக்சன் ஏது என்பதையும் மறவோம்.

இனி ஒப்பந்தம். 2022 செப்டம்பரில், ஆட்டப் பருவம் தொடங்கு முன்னரே பேச்சு முறிந்தது. தரகர் இல்லை அவனுக்கு. தானே பேசினான், தாய் துணை நின்றார். டிசம்பரிலே முழங்கால் அடிபட்டது. எஞ்சிய ஆட்டங்களுக்கு அவன் வரவில்லை. 2023 ஜனவரியில் சின்சினாட்டியிடம் 24க்கு 17 என்று ரேவன்ஸ் தோற்று வெளியேறியது. உடனே கிளம்பிற்று ஊர்ப்பேச்சு: "முழங்கால் வலியா, பணப்பை வலியா?"

எண்ணிப் பாருங்கள். அந்த விளையாட்டிலே ஒப்பந்தத்தில் எழுதும் தொகை வேறு, உறுதியளிக்கும் தொகை வேறு. ஐந்தாண்டு என்று எழுதுவார்கள். இரண்டாம் ஆண்டிலே வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம். உறுதி என்று குறித்த பணம் மட்டுமே கைக்கு வரும். மற்றதெல்லாம் காகிதக் கோட்டை! எலும்பு முறியக்கூடிய தொழிலிலே ஈடுபட்டவன் அந்த உறுதியைக் கேட்பது பேராசையா, பாதுகாப்பா?

2022 மார்ச்சில் கிளீவ்லாந்து அணி, டெஷான் வாட்சனுக்கு 23 கோடி டாலரை முழுக்க முழுக்க உறுதியாக எழுதிக் கொடுத்தது. முதலாளிமார் முகம் சுளித்தனர். இப்படி முழு உறுதி தராமல் இருந்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே வருந்தியவர் யார் தெரியுமா? ரேவன்ஸ் முதலாளி ஸ்டீவ் பிஷியாட்டி!

2023 மார்ச்சில் ஜாக்சன் மீது 'ஃபிரான்சைஸ் டேக்' எனும் முத்திரையைக் குத்தியது அணி. ஓராண்டுக்கு 3.24 கோடி டாலர். பிற அணிகள் விலை பேசலாம், எடுத்துக்கொண்டால் இரண்டு முதற்சுற்று வாய்ப்புகளை ஈடாகத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டுவிட்டதாக ஜாக்சனும் அறிவித்தான். தலைசிறந்தவன் எனப் பட்டம் பெற்றவன் சந்தையிலே நிற்கிறான். மற்ற 31 அணிகளில் ஒன்றுகூட ஒப்பந்தம் நீட்டவில்லை! விந்தை அல்லவா?

அந்த விந்தைக்கு விளக்கம் தேடியது ஆட்டக்காரர் சங்கம். 2022 மார்ச் மாத முதலாளிகள் கூட்டத்திலே, உறுதித் தொகைகளைக் குறைக்கும்படி லீக் நிருவாகம் அணிகளை ஊக்கியது என்று 2025 ஜனவரியில் நடுவர் கிறிஸ்டோபர் டிரோனி எழுதினார். அணிகள் கூடிச் சதி செய்தன என்று தீர்ப்பளிக்கப் போதிய சான்று இல்லை என்றும் அவரே எழுதினார். இரண்டையும் சொல்வதுதான் நேர்மை. ஆனால் அந்த ஏடுகள் வெளியுலகுக்குத் தெரிந்தது 2025 ஜூனில்! அதுவரை அவை இருட்டறையிலே உறங்கின.

எதிர்த்தரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. "அணிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2023 இல் அது 22.48 கோடி டாலர். ஒருவனே அள்ளிக்கொண்டால், அவனைக் காத்து நிற்கும் மற்ற தோழர்களுக்கு மிஞ்சுவது என்ன?" என்கிறான் ரசிகன். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வரம்பைக் கட்டியவன் ஜாக்சன் அல்லனே! வருவாயில் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்தே ஏறத்தாழப் பாதி; மறு பாதியின் மீது வரம்பு பேசுவோரைக் காணோம். ஒரே தட்டுச் சோற்றை உழைப்பாளிகள் பங்கிட்டுச் சண்டையிட வேண்டும். அடுப்படியில் இருக்கும் அண்டாவைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசக்கூடாது!

சரி, பற்றுக்கு வருவோம். பால்டிமோருக்குப் பற்றைப் பற்றிப் பாடம் தேவையா? அந்நகரின் பழைய அணி கோல்ட்ஸ். அதன் வீரத் திருமகன் ஜானி யூனிட்டஸ், ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடிக்கொண்டிருந்த நிலையிலிருந்து 1956 இல் வந்து, அவ்வூரின் பெயரை நாடெங்கும் முழங்கச் செய்தவர். 1973 இல் அவரையே சான் டியேகோவுக்குக் கைமாற்றிவிட்டனர். பற்று எங்கே போயிற்று?

அம்மட்டோ? 1984 மார்ச் 28. அணியை அரசே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் மேரிலாந்து சட்டமன்றத்திலே உருவாகிக்கொண்டிருந்தது. முதலாளி ராபர்ட் இர்சே என்ன செய்தார்? நள்ளிரவு, பனிமழை, வரிசையாய் லாரிகள்! அணியின் சாமான்களைக் கட்டி ஏற்றி, விடிவதற்குள் இண்டியானாபோலிஸ் நோக்கிப் போய்விட்டார். காலையில் எழுந்த ஊருக்கு அணி இல்லை. ஆனால் அணியின் வாத்தியக் குழு ஊரிலேயே நின்றது. ஆட அணி இல்லாத நகருக்காக 12 ஆண்டுகள் முழக்கிக்கொண்டே இருந்தது! பற்று என்றால் அது பற்று.

பிறகு அணி வந்தது எப்படி? 1995 நவம்பரில் கிளீவ்லாந்து மக்களைக் கதற வைத்து, ஆர்ட் மோடெல் என்ற முதலாளி தம் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுவந்தார். அதுவே 1996 முதல் ரேவன்ஸ். ஓர் ஊரின் கண்ணீர் இன்னோர் ஊரின் திருவிழா! 2013 இல் வாகை சூடித் தந்த ஜோ ஃபிளாக்கோவை 2019 இல் டென்வருக்கு அனுப்பியதும் இதே ரேவன்ஸ்தான். ஜாக்சன் வந்துவிட்டான் அல்லவா? அதற்குப் பெயர் "நிருவாகத் திறன்". ஆட்டக்காரன் வெளியேறுவேன் என்றால் மட்டும் "துரோகம்"!

2023 ஏப்ரல் 27 இல் சமரசம் ஏற்பட்டது. ஐந்தாண்டு, 26 கோடி டாலர், அதில் 18.5 கோடி உறுதி. அந்நாளில் ஆண்டுச் சராசரியில் அதுவே லீக்கின் உச்சம். ஏசிய வாய்கள் வாழ்த்தின. அந்தப் பருவத்திலேயே ஜாக்சன் இரண்டாம் முறையும் தலைசிறந்த ஆட்டக்காரன் ஆனான். கேட்டது மிகை அல்ல என்பதற்குக் களமே சாட்சி.

கோடிகள் வாங்குபவனுக்காக நாம் ஏன் வாதாட வேண்டும் என்று கேட்பீர்கள். கோடி வாங்குபவனுக்கே "கொடுத்ததை வாங்கிக்கொள், வாயை மூடிக்கொள்" என்றால், கூலி வாங்குபவன் கதி என்ன? தொகை மாறலாம், சொல்லும் சூழ்ச்சி ஒன்றே. ரசிகத் தோழனே! உன் அன்பு ஊர்மீது, ஆட்டத்தின்மீது, உடலை வருத்தி உன்னை மகிழ்விப்பவன்மீது. அந்த அன்பை எடுத்து முதலாளியின் பேரப் பெட்டியிலே போட்டுவிடாதே. பற்று வேண்டும் என்று அவர் அடுத்த முறை சொல்லும்போது, ஒன்றே ஒன்று கேள்: "அந்த லாரிகள் எந்த ஊருக்கு ஐயா போயின?"