தொங்கி நிற்கும் டெஸ்ட் பொய் சொல்வதில்லை

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டெஸ்ட் தோற்றுப்போனால் உட்கார்ந்து காரணம் தேடுவார்கள். அதே டெஸ்ட் தோற்காமலும் ஜெயிக்காமலும் அப்படியே தொங்கி நின்றால், கன்ட்ரோல் சி அடித்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். புகார் சொன்னவருக்கு, "என் மெஷினில் ஓடுகிறதே, உன் நெட்வொர்க்கில்தான் ஏதோ கோளாறு" என்று ஒரு வரி பதில். அதோடு விஷயம் முடிந்தது!

உண்மையில் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தொங்கும் டெஸ்ட் யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது. யாருக்காக என்று கேட்காமல் அதைக் கொன்றுவிட்டால் என்ன தெரியும்?

பைத்தானோடு கூடவே வரும் சின்ன எச்.டி.டி.பி. சர்வரை எடுத்துக்கொள்வோம். டெஸ்டுகளுக்குப் பலரும் பயன்படுத்துவது. 2012ல் வந்த 3.3 பதிப்புக்கு முன்புவரை, ஒவ்வொரு கோரிக்கையையும் லாகில் எழுதும்போது, கேட்டவரின் ஐ.பி. முகவரிக்குப் பெயர் என்ன என்று அது விசாரித்துக்கொண்டிருந்தது. அதே கணினியிலிருந்து கேட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே பதில் கிடைத்துவிடும். பக்கத்துக் கணினியிலிருந்தோ விர்ச்சுவல் மெஷினிலிருந்தோ கேட்டால் டி.என்.எஸ். சர்வர் வரை போக வேண்டும். அந்த சர்வர் வாயே திறக்காத நெட்வொர்க்கில்? லினக்ஸில் வழக்கமான அமைப்பு 5 விநாடி காத்திருந்து, 2 முறை முயலும். ஆக ஒரு கோரிக்கைக்கு 10 விநாடி. நூறு கோரிக்கை அனுப்பும் டெஸ்ட் என்றால் பதினாறு நிமிடத்துக்கு மேல். பார்ப்பவர் "ஹேங்" என்றுதான் சொல்வார். 3.3ல் அந்த விசாரணையையே எடுத்துவிட்டார்கள். லாகில் ஐ.பி. மட்டும் போதும். அதாவது, மாற வேண்டியிருந்தது நெட்வொர்க் அல்ல, நிரல்.

ஃபயர்வால் கதையும் இதேதான். மூடிய போர்ட்டைத் தட்டினால் உடனே "மறுக்கப்பட்டது" என்று பதில் வரும் என நம்பிப் பல டெஸ்டுகள் எழுதப்படுகின்றன. சில ஃபயர்வால்கள் மறுப்பதில்லை, வந்த பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அப்போது லினக்ஸ் வழக்கமான அமைப்பில் பல முறை திரும்பத் தட்டி, இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் கைவிடும். ப்ராக்ஸி வழியாக மட்டுமே இணையம் கிடைக்கும் கல்லூரி விடுதிகளில் இன்னொரு வேடிக்கை. டெஸ்ட் 127.0.0.1ல் தன் சர்வரை வைத்துக்கொண்டு, கோரிக்கையை ப்ராக்ஸிக்கு அனுப்பிவிடும். ப்ராக்ஸிக்கோ 127.0.0.1 என்றால் தானேதான்! உள்ளூர் முகவரிகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம் என்று சொல்லும் ஒற்றை செட்டிங் விட்டுப்போயிருக்கும்.

இதற்கெல்லாம் டைம்அவுட்டை 30லிருந்து 300 ஆக்குவது வைத்தியமா? நோயாளியை வரிசையில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்வது, அவ்வளவுதான். முதலில் டெஸ்ட் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பைத்தானில் ஃபால்ட்ஹேண்ட்லர், ஜாவாவில் ஜேஸ்டாக், லினக்ஸில் எஸ்ட்ரேஸ் என எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. பெயர் தேடும் இடத்தில் நின்றால் டி.என்.எஸ்., இணைப்பு கேட்கும் இடத்தில் நின்றால் ஃபயர்வாலோ ப்ராக்ஸியோ. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

"உலகத்தில் உள்ள எல்லா விநோத நெட்வொர்க்குக்கும் யார் எழுத முடியும்?" என்ற கேள்வி நியாயமானதே. யாராலும் முடியாது. ஆனால் சீக்கிரம் தோற்று, காரணத்தைச் சொல்லும்படி எழுத முடியும். வெளி நெட்வொர்க்கைத் தொடாமல் ஓடும்படியும் பெரும்பாலும் எழுத முடியும். டெபியனில் பேக்கேஜ் கட்டும்போது லூப்பேக் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பது எழுதப்பட்ட விதி.

விநோதம் என்பது யாருடைய பார்வையில்? ப்ராக்ஸிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அதுதான் சாதாரண இணையம். ஆசையாக ஒரு திறமூல நிரலை இறக்கி, முதல் வேலையாக டெஸ்டுகளை ஓட்டுகிறாள். திரை அசையாமல் நிற்கிறது. பிழைச்செய்தி வந்திருந்தால் அதைத் தேடியாவது பார்த்திருப்பாள். எதுவுமே வராததால், தனக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டுப் போகிறாள். அவள் போனது அந்த நிரலை எழுதியவர்களுக்குத் தெரியவே தெரியாது.