ரேண்டம் எண்ணில் போய் நிற்கும் தகுதி

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரேண்டம் எண் ஒதுக்குகிறார்கள். இருவருக்கு கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றானால் இயற்பியல், பிறகு மற்றவை, பிறகு பிறந்த தேதி. எல்லாமே ஒத்துப்போனால் கடைசியில் அந்த எண். பச்சையாகச் சொன்னால் குலுக்கல். ஒளிவுமறைவில்லாமல் செய்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 199-க்கும் 199.5-க்கும் நடுவில் உள்ள அரை மதிப்பெண்ணும் ஏறக்குறைய குலுக்கல்தான் என்று எந்த வீட்டிலாவது சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். அது பிள்ளையின் தகுதியாம்.

பொதுவாக ஒரு தேர்வு வைத்துவிட்டால் யார் தகுதியானவர் என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. நீட் வேண்டும் என்பவரும் இதையே நம்புகிறார், பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்பவரும் இதையே நம்புகிறார். எந்தத் தேர்வு என்பதில்தான் சண்டை.

தேர்வால் ஒரு பெரிய நன்மை உண்டு. விடைத்தாளில் இருப்பது டம்மி எண். திருத்துபவருக்கு மாணவரின் ஊரோ சாதியோ அப்பாவின் செல்வாக்கோ தெரியாது. மருத்துவப் படிப்புக்கு நேர்முகத்தேர்வு நடத்தி மதிப்பெண் போட்ட காலமும் இங்கே இருந்தது, அந்த மதிப்பெண் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, தேர்வு திருத்துபவரின் கையைக் கட்டிப்போடுகிறது. அதன் வேலை அத்தோடு முடிந்தது. எழுத வந்தவர் எப்படிப்பட்ட தயாரிப்போடு வந்து உட்கார்ந்தார் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

பிளஸ் டூ மதிப்பெண்ணைப் புனிதமாக்குபவர்கள் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளை மறந்துவிட்டார்களா? பிராய்லர் பள்ளி என்று ஊரே கேலி பேசியது. பேசிக்கொண்டே வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தது. பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடுவதில்லை; பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்துவார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று ப்ளூபிரிண்ட் கையில் இருக்கும், ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு புத்தகத்தின் பின்பக்கம் போதும். இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் அதையும் கைவிட்டாயிற்று.

நீட் இதைச் சரிசெய்யும் என்றார்கள். என்ன நடந்தது? தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள், அதாவது முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மறுபடி முயன்றவர்கள், நீட்டுக்கு முந்தைய 2016-17இல் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை தரும் கணக்கு இது. முதல் முறை 300 எடுத்த மாணவி அடுத்த வருடம் 550 எடுக்கிறாள் என்று வையுங்கள். நடுவில் ஒரு வருடம், ஒரு கோச்சிங் சென்டர், ஒரு ஹாஸ்டல், எல்லாவற்றுக்கும் கட்டிய பணம். அந்த வருடத்தை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை 300-லேயே நின்றுவிடுவாள். ‘போதும், நர்சிங்கில் சேர்ந்துகொள்’ என்பார்கள். மகனுக்கு இரண்டாவது வருடம் தரும் வீடும் மகளுக்குத் தர யோசிக்கும். இந்த 250 மதிப்பெண் வித்தியாசத்தில் எவ்வளவு அறிவு, எவ்வளவு வீட்டு வசதி என்று பிரித்துக் காட்ட எந்த ஓ.எம்.ஆர். தாளாலும் ஆகாது.

தகுதி தகுதி என்று தொண்டை வறளப் பேசிய மத்திய அரசே 2023இல் முதுநிலை நீட்டுக்கான கட்-ஆஃபைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலாகக் குறைத்தது. தேர்வு எழுதிய எல்லாரும் தகுதி பெற்றார்கள், மைனஸில் இருந்தவர் உட்பட. காரணம், இடங்கள் காலியாகக் கிடந்தன. இளநிலையிலும் கதை இதுதான்: 2024இல் நாடு முழுவதும் 13 லட்சம் பேர் ‘தகுதி’ பெற்றார்கள், இருந்ததோ சுமார் ஒரு லட்சம் எம்.பி.பி.எஸ். இடம். தரவரிசையில் பல லட்சம் பேருக்குப் பின்னால் இருப்பவருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும், வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்ட முடிந்தால். முன்னால் இருந்து கட்ட முடியாதவர் வீட்டுக்குப் போகலாம். கேபிடேஷன் கட்டணத்தை நீட் ஒழித்ததாகச் சொல்பவர்கள் இந்த ரசீதை என்ன பெயரிட்டு அழைப்பார்களோ!

‘மார்க் குறைந்தவனிடம் உங்கள் வயிற்றைக் கிழிக்கக் கொடுப்பீர்களா?’ என்று ஒரு கேள்வி வரும். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2007 முதல் 2016 வரை மாநில ஒதுக்கீட்டு இடங்கள் நுழைவுத்தேர்வே இல்லாமல் நிரப்பப்பட்டன. அப்போது சேர்ந்தவர்கள் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். மருத்துவர் உருவாவது நுழைவுத்தேர்வின் மூன்று மணி நேரத்தில் இல்லை. பிறகு வரும் ஐந்தரை வருடத்தில், பிண அறையிலும் வார்டிலும். எந்த மதிப்பெண்ணோடு உள்ளே வந்தாலும் அங்கே எழுதுவது ஒரே பல்கலைக்கழகத் தேர்வு.

தேர்வே கூடாது என்பது என் கட்சி அல்ல. இந்தப் படிப்பைத் தாங்குவாரா என்று பார்க்க ஒரு குறைந்தபட்ச வரம்பு வையுங்கள். அதைத் தாண்டியவர்களுக்குள் அரை மதிப்பெண்ணைத் தெய்வவாக்காக எடுக்காமல், எந்தப் பள்ளி, எந்த மொழி வழி, எத்தனையாவது முயற்சி என்பதையும் கணக்கில் சேருங்கள். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது இப்படித்தான் செய்தோம். முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தவர்கள் அந்த ஆண்டு நானூறு பேர் அளவுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் சேர்ந்தார்கள். தகுதி போச்சு என்று அன்று கொதித்தவர்களில் எத்தனை பேர் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்கள்?