ஊற்றி ஊற்றி ஓட்டுவது சிக்கனமா?

"கிளட்ச் ஆயில் குறைஞ்சா ஊத்திக்கலாம் சார், ஓடுற வரைக்கும் ஓடட்டும்." பழைய வேன் வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்கள் பலரும் சொல்வது இது. இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

ஆம்னிக்குக் கேபிள் கிளட்ச், அதை விடுங்கள். டெம்போ டிராவலர் போன்றவற்றில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே வேலை செய்வது ஆயில். டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் சற்று இறங்கும். கிளட்சுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. குறைந்தால் ஒழுகுகிறது என்றே அர்த்தம்.

பெடலுக்கு மேலே ஈரமென்றால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கம் ஈரமென்றால் ஸ்லேவ் சிலிண்டர். எங்கும் ஈரமில்லாமல், மிதித்த பெடல் மெல்லக் கீழே போனால் மாஸ்டருக்குள் ரப்பர் போய்விட்டது. இரண்டு தடவை மிதித்தால்தான் கியர் விழுகிறதா? தவணை முடிந்தது, மாற்றுங்கள்.

"ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதாதா?" உள்சுவர் வழவழப்பாக இருந்தால் போதும். ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பத்து வருடம் ஆயிலே மாற்றாத வண்டியில் துரு குழி பறித்திருக்கும். அந்தக் குழி புது ரப்பரையும் தின்றுவிடும். ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயதுதான். இரண்டையும், ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏர் எடுக்கும் கூலியாவது ஒரு தடவையோடு போகும்.

அறந்தாங்கியிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் புதுக்கோட்டைக்கு ஏற்றி வரும் வேன், ரயில்வே கேட்டில் நின்றபின் கியர் விழாமல் நிற்கலாமா? பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால் கியர் விழுந்துவிடாது!