காவல் எது? கண்காணிப்பு எது?

தம்பி, தங்கையரே!

பெங்களூரில் உள்ள ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி நான். உங்களைப் போலவே, பிழைப்பைத் தேடித் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் கல்லூரியின் நுழைவாயிலிலும் விடுதிகளிலும் முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் கருவிகளைப் பொருத்தலாமா என்று நிர்வாகம் மாணவர்களிடம் அண்மையில் கருத்துக் கேட்டது. தோழியர் சிலர், "பொருத்தட்டும், பாதுகாப்புத்தானே!" என்றனர். சிலர், "நாங்கள் என்ன கைதிகளா?" என்று சினந்தனர். இரு சாராரும் சொல்வதில் உண்மை உண்டு. எனினும் காவல் வேறு, கண்காணிப்பு வேறு என்பதைத் தெளிந்துகொள்ளாமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது என்பதே என் கருத்து. இதே கேள்வி நாளை உங்கள் பள்ளி வாயிலுக்கும் வரக்கூடும். ஆதலால் என் எண்ணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை

கல்விக்கூடத்திற்குக் காவலே வேண்டா என்று கூறுவார் எவருமிலர். 1909ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் நம் நகரின் பெருமைகளுள் ஒன்று. அக்கழக வளாகத்தில் 2005 டிசம்பர் 28 அன்று மாலை, பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று முடிந்து டாடா அரங்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் எம். சி. பூரி உயிரிழந்தார், வேறு சிலர் காயமுற்றனர். அறிவைப் பகிர்ந்துகொள்ள வந்த இடத்தில் ஓர் ஆசிரியர் உயிர் துறந்தார் என்னும் செய்தி நாட்டையே உலுக்கியது. அதன்பின் கல்வி வளாகங்களின் வாயில்களில் சோதனை கூடியதில் வியப்பில்லை.

ஆகவே அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதும், வருவோர் பெயரைக் குறித்துக்கொள்வதும், இருள் சூழ்ந்த பாதைகளில் விளக்கு ஏற்றுவதும், வாயிலில் கேமரா வைப்பதும் முறையான காவலே. வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுப்பது காவல். உள்ளே இருப்போர் எங்கே சென்றனர், யாருடன் பேசினர், எத்தனை மணிக்கு உண்டனர் என்று ஓயாமல் குறித்து வைப்பதோ கண்காணிப்பு. முன்னது நமக்குக் கவசம். பின்னது நம்மைப் பற்றிய குறிப்பேடு. அக்குறிப்பேடு யாரிடம் இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

கருவி எவ்வாறு காண்கிறது?

முகமறியும் கருவி நம்மைப் போல முகத்தைப் பார்ப்பதில்லை. கேமரா பிடித்த படத்திலுள்ள கண், மூக்கு, தாடை ஆகியவற்றின் அமைப்பைக் கணினி எண்களாக மாற்றுகிறது. முன்பே சேமித்து வைத்த எண்களோடு அவற்றை ஒப்பிடுகிறது. இரண்டும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒத்திருந்தால் "இவர் அவரே" என்கிறது. எனவே அது தருவது உறுதியான விடையன்று. பெரும்பாலும் சரியாக இருக்கக்கூடிய ஊகம் மட்டுமே.

"பெரும்பாலும்" என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஒருவரைத் தவறாகக் கணிக்கும் கருவி மிகச் சிறந்ததுபோல் தோன்றும். ஐயாயிரம் மாணவர் நுழையும் கல்லூரியில், அது நாள்தோறும் ஐந்து பேரை வாயிலில் நிறுத்திவிடும். அந்த ஐவருள் ஒருவர் தேர்வு எழுத ஓடிவந்தவராகவும் இருக்கலாம்.

இப்பிழை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதுமில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணயத் தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் ஏறத்தாழ 190 முகமறி மென்பொருள்களை ஆராய்ந்தது. அவற்றுள் பல, வெள்ளையர் முகங்களைக் காட்டிலும் ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகியோரின் முகங்களையே மிகுதியாக மாற்றிக் கணித்தன. 2020 சனவரியில் டெட்ராய்ட் நகரக் காவல்துறை, கருவி தந்த தவறான பொருத்தத்தை நம்பி, குற்றமற்ற ஒருவரை அவர் குடும்பத்தார் கண்ணெதிரே கைது செய்தது.

இச்செய்தியைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லைப் பாண்டியன் ஆராயாமல் ஏற்றான். கோவலன் உயிர் போயிற்று. கண்ணகியின் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஆராய்ச்சி தண்டனைக்குப் பின்னரே நடந்தது. சொன்னவன் மனிதனாயினும் கருவியாயினும், ஆராயாமல் தண்டிப்பது அநீதியே.

மற்றொன்றும் உண்டு. கடவுச்சொல் திருடு போனால் புதியதை அமைத்துக்கொள்ளலாம். அட்டை தொலைந்தால் வேறு அட்டை பெறலாம். முகத்தை மாற்ற இயலுமா? ஆகவே முகத்தின் பதிவைக் கேட்பவர் நம்மிடம் உள்ளவற்றுள் மிக அரியதைக் கேட்கிறார் என்பதை உணர வேண்டும்.

ஒரு பெங்களூர்வாசி கேட்ட கேள்வி

இவ்வுரிமையைப் பற்றி நாட்டையே சிந்திக்க வைத்தவர் நம் நகரில் வாழ்ந்த ஒரு முதியவர். கர்நாடக உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற கே. எஸ். புட்டசாமி, 2012ஆம் ஆண்டில் தம் 86ஆம் அகவையில் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் எழுந்த அடிப்படைக் கேள்வியை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய்ந்தது. தன்மறைப்பு உரிமை, அதாவது தன் வாழ்வின் செய்திகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை, அரசமைப்புச் சட்டம் வழங்கும் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று அவ்வமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று வேறோர் அமர்வு ஆதார் திட்டம் செல்லும் என்று கூறியது. ஆயினும் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று வரம்பும் விதித்தது.

இவ்வழக்கிலிருந்து நான் கற்றது இது: தொழில்நுட்பத்தை முற்றிலும் ஏற்பதும் முற்றிலும் மறுப்பதும் மட்டுமே நம் முன்னுள்ள வழிகள் அல்ல. "எதற்காக? எந்த அளவுக்கு? எந்தச் சட்டத்தின்படி?" என்று கேட்பது மூன்றாம் வழி.

பின்னர் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 18 வயது நிரம்பாதவரின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், சிறுவரைப் பின்தொடர்ந்து அவர்தம் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்றும், சில விலக்குகளுடன், அச்சட்டம் கூறுகிறது. உங்களைப் பற்றியே ஒரு சட்டம் பேசுகிறது என்பதை அறிந்து வைத்திருங்கள்.

ஒப்புதல் என்பது யாது?

"மாணவர் ஒப்புக்கொண்டால் போதாதா?" என்று கேட்கலாம். சுவீடன் நாட்டில் ஷெலெஃப்டியோ என்னும் ஊரின் மேல்நிலைப்பள்ளி ஒன்றில், 22 மாணவரின் வருகையை முகமறி கருவியால் பதிவு செய்து சில வாரங்கள் சோதித்தனர். மாணவர் ஒப்புதல் தந்ததாகப் பள்ளி கூறியது. அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதனை ஏற்கவில்லை. மாணவர் பள்ளியைச் சார்ந்திருப்பவர். "வேண்டா" என்று சொல்லும் துணிவு அவருக்கு எளிதில் வாராது. எனவே அது தடையற்ற ஒப்புதல் ஆகாது என்று கூறி, 2019 ஆகஸ்டில் இரண்டு இலட்சம் குரோனர் தண்டம் விதித்தது. வருகையைக் குறிக்க அத்துணைப் பெரிய கருவி தேவையில்லை என்பதும் அதன் முடிவு.

நம் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் பெயரை அழைக்கிறார். "உள்ளேன் ஐயா" என்கிறோம். அழைத்தவர் நம் முகத்தைப் பார்க்கிறார், வாடியிருந்தால் "என்னம்மா, உடல்நலமில்லையா?" என்கிறார். கருவி நம் வருகையை மட்டுமே அறியும். நம் வாட்டத்தை அறியாது.

கண் எல்லார்மீதும் ஒன்றுபோல் விழுகிறதா?

எங்கள் கல்லூரியில் மகளிர் விடுதியின் கதவு இரவு எட்டரை மணிக்கு அடைக்கப்படுகிறது. ஆடவர் விடுதிக்குப் பத்தரை மணி. மாணவி பத்து நிமிடம் தாமதித்தால் அவள் பெற்றோருக்குத் தானாகவே குறுஞ்செய்தி செல்கிறது. மாணவனுக்கு அவ்வாறு செல்வதில்லை. நூலகமோ இரவு பத்து மணிவரை திறந்திருக்கிறது. பாதுகாப்பு என்னும் பெயரால் மாணவியின் படிப்பு நேரம் குறைகிறது. 2015ஆம் ஆண்டு தில்லி மாணவியர் இத்தகைய விடுதி விதிகளை எதிர்த்து இயக்கம் நடத்தினர். புதிய கருவி வந்தால் பழைய பாகுபாடு மறைந்துவிடாது; முன்னிலும் விரைவாகவும் பிழையின்றியும் அது நடைபெறும். எனவே முதலில் விதியை நேராக்க வேண்டும். பின்னரே கருவியைப் பற்றிப் பேச வேண்டும்.

வதந்தியின் வலிமை

கேமராவால் காண இயலாத ஆபத்தும் உண்டு. 2012 ஆகஸ்டு நடுவில், வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தோர் தாக்கப்படுவர் என்னும் வதந்தி குறுஞ்செய்திகளாகவும் இணையப் படங்களாகவும் பெங்களூரெங்கும் பரவியது. மாணவர், வாயிற்காவலர், உணவகப் பணியாளர் எனப் பல்லாயிரவர் அஞ்சி நகரைவிட்டுக் கிளம்பினர். குவாஹாட்டிக்குச் சிறப்பு இரயில்கள் இயக்கப்பட்டன. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு நடுவண் அரசு பதினைந்து நாள் தடை விதித்தது.

இதனை நாம் மறக்கலாகாது. ஏனெனில் நாமும் வேற்று மாநிலத்திலிருந்து வந்தவர்களின் மக்கள். அச்சம் ஊட்டும் ஒரு செய்தி எத்துணை விரைவில் ஒரு குடும்பத்தைப் பெட்டி கட்ட வைக்கும் என்பதை நம் பெற்றோர் அறிவர். அன்று வாயிலில் எத்தனை கேமரா இருந்திருந்தாலும் அந்த வதந்தி நின்றிருக்காது. "இச்செய்தி மெய்யா?" என்று வினவி, பகிராமல் நிறுத்தும் ஒவ்வொருவரும் அந்நேரத்தில் ஒரு காவலரே.

இன்று மாணவரைச் சூழும் பெருந்தீங்குகளும் வாயில் வழியே வருவதில்லை. திறன்பேசி வழியே வருகின்றன. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் தா, பணம் தருகிறோம்" என்று மாணவரை வலையில் வீழ்த்தி, திருடிய பணத்தை அக்கணக்கில் செலுத்தும் கூட்டங்கள் உள்ளன. பின்னர் வழக்கில் சிக்குபவர் மாணவரே. இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதைக் கற்பிப்பது, விடுதிக் கூடத்தில் மேலும் ஒரு கேமரா பொருத்துவதைவிடப் பயன் தரும்.

என் பரிந்துரை

நிர்வாகத்திடம் நான் அளித்த கருத்துரையில் ஐந்து செய்திகளைக் குறித்தேன். முதலாவது, கேமராக்கள் வாயிலிலும் பொதுப் பாதைகளிலும் மட்டும் இருக்கட்டும். வகுப்பறையிலும் விடுதிக் கூடத்திலும் வேண்டா. இரண்டாவது, பதிவுகள் எத்தனை நாளில் அழிக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்றாவது, முகப்பதிவு தர விரும்பாதவர் அடையாள அட்டையைக் காட்டி நுழையலாம். அதனால் அவருக்கு எவ்வகை இடரும் நேரக் கூடாது. நான்காவது, கருவியின் முடிவை மனிதர் ஒருவர் சரிபார்க்காமல் எவர்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. ஐந்தாவது, விதி எதுவாயினும் மாணவனுக்கும் மாணவிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இவற்றை ஏற்றால் கருவியை எதிர்க்க மாட்டேன். ஏற்காவிடின், அப்பணத்தில் பின்வாயில் சாலைக்கு விளக்குகளும், இரவுப் பணிக்கு இன்னும் இரண்டு காவலர்களும், மனநல ஆலோசகர் ஒருவரும் வேண்டும் என்று கேட்பேன். எங்கள் வாயிலில் நிற்கும் காவலர் ஒடிசாவிலிருந்து வந்தவர். ஊரைவிட்டு வந்த துயரம் அறிந்த அவர், முதலாண்டு மாணவி அழுதுகொண்டு நின்றால் நாற்காலியை நகர்த்தி உட்காரச் சொல்கிறார். அத்தகைய காவலுக்கு மாற்றாக எந்தக் கருவியையும் நான் ஏற்கேன்.

தம்பி, தங்கையரே! உங்கள் பள்ளியில் புதிய செயலியோ கருவியோ வரும்போது அஞ்சவும் வேண்டா, வாளா இருக்கவும் வேண்டா. "இது எதற்கு? இதில் என்னைப் பற்றி என்ன பதிவாகிறது? எப்போது அழிக்கப்படும்?" என்று பணிவுடன் வினவுங்கள். விடை தெளிவாக இருந்தால் ஒத்துழையுங்கள். தெளிவில்லையேல் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மீண்டும் கேளுங்கள்.